வடக்கே வைத்த சூரியன்

ராஜசேகரைக் கண்டாலே கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குத் தொழிற்சாலை மீட்டிங்கில் அவர் திரையில் போட்ட படம் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை தன் பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டப்போகிறது. கட்டடம் வடிவமைக்கும் வேலை ராஜசேகரின் அலுவலகத்துக்குக் கிடைத்தது. வடிவமைத்தவள் அங்கே ஆர்க்கிடெக்டாக இருக்கும் கலைமதி. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும். அதற்காகவே மேற்குப் பக்கம் முழுக்க அகலமான வராந்தா வைத்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அதை வெட்டிவிட்டு, அந்தச் சுவரையே கண்ணாடியாக்கியிருந்தார் ராஜசேகர். படத்தில் கண்ணாடி குளுகுளுவென்று மின்னியது. மின்னாமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டரில் சூரியனை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மகராசன் அதை வடக்கே வைத்திருந்தார்.

தொழிற்சாலை மேலாளர் நடேசன் தலையாட்டிவிட்டால் அதோடு முடிந்தது. வராந்தா போனது போனதுதான்.

அவரும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். கலைமதி எழுந்தாள். மேசையில் கிடந்த, அதே படத்தின் பளபளப்பான அச்சைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் மார்க்கரால் வரையத் தொடங்கினாள். பிரிண்ட் பாழாகிறதே என்று ராஜசேகர் பல்லைக் கடித்தார். அவள் காதில் வாங்கவில்லை. நாலு கோட்டில் அறை, மேற்கே சூரியன், கண்ணாடி வழியாகத் தூங்குகிறவளின் முகம் வரை வெயில். பக்கத்திலேயே வராந்தா வைத்த அறை. அதில் வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது.

நடேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர்; மேற்கு வெயிலை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்து மார்க்கரைக் கேட்டு வாங்கினார். திரையில் மின்னும் படத்தில் யார் கை வைப்பார்கள்? கையால் போட்ட படம் என்றால் எவருக்கும் கை துறுதுறுக்கும். அதுதான் அதன் பெருமை. அதுவே வினையாகவும் வந்தது.

"வராண்டா இருக்கட்டும்மா. ஆனா இவ்ளோ எடத்த சும்மா வுட முடியாது" என்று அவர் வராந்தாவில் மூன்றடுக்குக் கட்டில்களை வரிசையாக வரைந்தார்.

ராஜசேகர் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கலைமதி மார்க்கரைத் திரும்ப வாங்கி, நடேசன் வரைந்த கட்டில்களுக்கு மேல் கூரையை அளவு பிசகாமல் இழுத்தாள். அதில் ஒரு மின்விசிறியைத் தொங்கவிட்டாள். பிறகு மார்க்கரை நடேசனிடமே நீட்டினாள்.

"மேல் கட்டில்ல ஒரு பொண்ணு தூங்கி எழுந்து உக்கார்றா சார். அவளையும் நீங்களே வரைஞ்சிடுங்க."

நடேசன் கால்களை வரைந்தார், உடம்பை வரைந்தார். தலைக்கு வந்தபோது அங்கே விசிறியின் இறக்கை இருந்தது. மார்க்கர் நின்றுவிட்டது. பிறகு, தான் வரைந்த கட்டில்களை ஒவ்வொன்றாக அவரே கோடு போட்டு அடித்தார். கண்ணாடிக் கட்டடம் அச்சான பக்கம் சுவரைப் பார்க்க, அந்தத் தாளை அவரே சுவரில் ஒட்டவும் செய்தார்.

படியிறங்கும்போது ராஜசேகர் குரலைத் தாழ்த்தி, ஆனால் விஷமாகச் சொன்னார். "என்னை அசிங்கப்படுத்திட்டல்ல? இனிமே எந்த மீட்டிங்குக்கும் நீ வராத."

"வரல சார்" என்றாள் கலைமதி. "வராந்தா வந்துடுச்சு."