மாதிரி வயலில் நட்ட பயிர்

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் போகும், யோசனை எல்லாம் பிறகுதான் என்று ஊரே சொல்லும். உண்மைதான். ஆனால் இந்தப் புரட்டாசியில் இரண்டு நாள் வாயைக் கட்டிவைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து நான் அடக்கமாக இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

குரும்பகரத்தில் எனக்கு நான்கு மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், அவ்வளவு பெரிய பண்ணைக்காரி நான். காவிரித் தண்ணீர் ஊரெல்லாம் நனைத்துவிட்டு மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். மழைத் தண்ணீர் மட்டும் எல்லா ஊரிலிருந்தும் வடிந்து எங்கள் வயலில்தான் வந்து உட்காரும். ஐப்பசியில் கொட்ட வேண்டிய மழை இப்போதெல்லாம் புரட்டாசியிலேயே கொட்டிவிடுகிறது. எந்த வாரம் விதைப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அதற்காகத்தான் கூட்டம் ஆரம்பித்தோம். வெளியூரிலிருந்து ஆள் வந்து பாடம் நடத்த வேண்டாம், விவசாயிக்கு விவசாயியே சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம். நௌஷின் என்ற பெண் காரைக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எழுதிக்கொண்டு போவாள். அமாவாசையன்று எங்கள் ஊரில் ஏர் பூட்ட மாட்டார்கள், விதையைத் தொட மாட்டார்கள். எல்லோருக்கும் வேலை இல்லாத நாள் என்பதால் கூட்டம் அன்றைக்கு. ஒவ்வொரு அமாவாசையும் ஒருவர் வயல். பலித்ததையும் சொல்ல வேண்டும், பாழானதையும் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம்.

பாழானதைச் சொல்ல எவனுக்கு வாய் வருகிறது? நான்தான் சொன்னேன். உப்பு ஏறிய மூலையில் யூரியாவை அள்ளிக் கொட்டி, இருந்த பயிரையும் கருக்கிய கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்த பயல்களில் மூன்று பேர் அந்த வருஷம் உப்பு மூலையில் யூரியா போடவில்லை. அது போதும் எனக்கு.

அற்புதராஜ் அண்ணன் வயல் ரோட்டோரம். போன வருஷம் அவர் ஆவணியிலேயே நாற்று விடாமல் நேரடியாக விதை தெளித்தார், பயிர் நன்றாக நின்றது. உடனே விவசாய ஆபீஸ்காரர்கள் வைத்த போர்டு ஒன்று வயலில் முளைத்தது. ‘நேரடி விதைப்பு மாதிரி வயல்’ என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பியபடி அவர் போட்டோ. அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

இந்த வருஷம் கூட்டத்தில் இருக்கிற பத்தொன்பது பேரும் அவர் சொன்னபடியே தெளித்தோம். புரட்டாசி பிறந்ததும் மழை பிடித்தது. ஆறு நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபோது என் வயலில் அழுகல் நாற்றம்தான் மிச்சம். எல்லோருக்கும் அதே கதி. அற்புதராஜ் வயல் மட்டும் பத்தே நாளில் பச்சைப் பசேலென்று நின்றது. தன் பயிர் வெள்ளத்தைத் தாங்கிவிட்டது, பயப்படாமல் மறுபடி தெளியுங்கள் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, அப்படி என்னதான் தாங்கியது என்று பார்க்கப் போனேன். எல்லோரும் ரோட்டில் நின்று பார்ப்பார்கள். நான் சேற்றில் இறங்கினேன். பன்னிரண்டு வயதிலிருந்து நாற்றுப் பறித்து நடவு நட்ட கை இது. ஒரு பயிரைப் பிடுங்கினேன். பழைய வேர் அறுந்து கறுத்திருந்தது, அதற்கு மேலே வெள்ளையாகப் புது வேர் விட்டிருந்தது. தள்ளிப் போய் இன்னொன்றைப் பிடுங்கினேன். அதுவும் அப்படியே. விதைத்த பயிர் இல்லை, எங்கேயோ பறித்து வந்து நட்ட பயிர். விதைத்தது மாதிரித் தெரியட்டும் என்று வரிசை இல்லாமல் கலைத்து நட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியையும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் செய்தது தப்பாக இருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவர் செய்ததுதான் சரி! அடுத்த மழைக்கு முழங்கால் உயர நாற்றுதான் தாங்கும். இப்போது தெளிக்கிற விதை முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போகும். சரியானதைத் தான் செய்துகொண்டு, சாகிற வழியை எங்களுக்குக் காட்டியிருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் பக்கத்து வயல் குஞ்சம்மாக்கா நின்றாள். இரண்டு மா நிலம், தனி ஆள். சாப்பாட்டுக்கு என்று வைத்திருந்த ஒரு மூட்டை நெல்லைத் தவிர வீட்டில் வேறு இல்லை. அதை விதைத்துவிடலாமா என்று கேட்டாள். அமாவாசைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த அமாவாசைக் கூட்டம் அற்புதராஜ் வயலில்தான். அந்தப் போர்டுக்கு முன்னால், பத்தொன்பது பேர் பார்க்க, அந்த மனுஷன் வேஷத்தை நானே கலைக்க வேண்டும். நினைக்கவே எனக்கு இனித்தது. அமாவாசை கழியாமல் யாரும் விதைக்கப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தில் அவர் போர்டுக்குப் பக்கத்தில் நின்று பேசினார். மறு விதைப்பு, மன தைரியம், இன்னும் என்னென்னவோ. நான் வயலில் இறங்கி ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“அண்ணே, இது வெதச்ச பயிரா, நட்ட பயிரா?”

பெண்கள் ஒவ்வொருத்தியும் வேரை வாங்கிப் பார்த்தாள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முதலில் ஏதோ மழுப்பினார், பிறகு தலை குனிந்து ஒப்புக்கொண்டார். அவர் வயலும் மற்ற வயல்களோடு சேர்ந்துதான் அழுகியது. சுரக்குடியிலிருந்து நாற்றும் ஆளும் வேனில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்.

“போர்டு வச்சிட்டாங்களே வல்லி. அடுத்த வாரம் பாண்டிச்சேரிலேருந்து அதிகாரிங்க பாக்க வராங்க. அழுவிப்போச்சுன்னு எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு சொல்றது?”

“எங்க பொழப்புல மண்ணப் போடுறதுக்கு மட்டும் மூஞ்சி இருந்துதா?”

நௌஷின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். யாரும் விதை தெளிக்க வேண்டாம், சுரக்குடியில் நாற்று மீதி இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கிறேன் என்று போனை எடுத்தாள். ஆளுக்கு ஆள் அற்புதராஜைத் திட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பின்னாலிருந்து குஞ்சம்மாக்கா குரல் வந்தது.

“நா தெளிச்சிட்டேனே.”

எப்போது என்று கேட்டேன். நேற்று சாயங்காலம் என்றாள். அமாவாசையில் விதையைத் தொடக் கூடாது, நாள் தள்ளினால் மழை வந்துவிடும் என்று பயந்து, என்னிடம் பேசிய அன்றைக்கே ஊறப்போட்டு, முளைகூடச் சரியாக விடாத நெல்லைக் கொண்டுபோய்த் தெளித்திருக்கிறாள். மூட்டை முழுக்க.

அவள் என் பக்கத்தில் வந்து கையில் இருந்த பயிரைப் பார்த்தாள்.

“இத நீ எப்ப பாத்த?”

“முந்தாநாளுக்கா.”

“என்கிட்ட பேசுனியே, அப்பவே தெரியுமா?”

தெரியும் என்றேன். அற்புதராஜைப் பார்த்த அதே கண்ணால் என்னையும் பார்த்தாள்.

“வாயில வந்தத பட்டுன்னு போட்டு ஒடைக்கிறவளாச்சேடி நீ. இத மட்டும் எப்படி அடக்கி வச்ச?”

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் வயலைப் பார்க்க நடந்தாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது.