பாண்டிக்குப் போன மாலை

எங்கள் பட்டாசுக் கம்பெனி லீவு பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் வாயால் சொல்வார்கள், நான் எழுதுவேன், மேனேஜர் சீனிவாசகம் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. சொர்ணலட்சுமி எழுதினால் ஒரு எழுத்துப் பொய் இருக்காது என்று எனக்கு ஒரு திமிரும் உண்டு. சாவுக்கு மூன்று நாள், கேள்வி கிடையாது. ஊர்ப் பொங்கலுக்கு இரண்டு நாள். காய்ச்சலுக்கு முணுமுணுப்போடு ஒரு நாள். புருஷன் அடித்தான் என்பதற்கு மட்டும் அரை நாள்கூடக் கிடையாது.

பொன்மணி தாயில்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துவதில் அவள் கை அளந்து வைத்தது மாதிரி இருக்கும். 2007 ஆவணியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், அவள் புருஷன் பாண்டி அவளை உலக்கையால் அடித்தான். மறுநாள் முழங்கை வீங்கி வந்தாள். போர்மேன் ஊர்க்காவலன் வாசலிலேயே நிறுத்தினார்.

"கை நடுங்குது தாயி. இந்தக் கையோட மருந்து ரூமுக்குள்ள வந்தேன்னா எல்லாரும் சேந்து போக வேண்டியதுதான். வீட்டுக்குப் போ."

அதில் தப்பில்லை. நடுங்குகிற கை மருந்தைச் சிந்தும். ஆனால் எந்த வீட்டுக்குப் போவது என்று அவர் கேட்கவில்லை. அப்படி இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளும் ஆப்சென்ட் போடச் சொன்னார் மேனேஜர். போட்டேன்.

பொன்மணி சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் அடிபடுகிற பொம்பளைகளுக்குப் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, விருதுநகர் போய் அதிகாரியைப் பார்த்து, சாத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டாள். அவன் அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது. அவள் கேட்டது அம்புட்டுத்தான். முதல் வாய்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை, போகவில்லை. இரண்டாவது வாய்தாவுக்கு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை ஒரு நாள் விடுங்க. இதுக்கும் போகாட்டா மனுவத் தள்ளுபடி பண்ணிருவாகன்னு வக்கீலம்மா சொல்லிட்டாக."

"ஏற்கெனவே ரெண்டு நாள் ஆப்சென்ட்டு."

"நானா போனேன்? நீங்கதான அண்ணாச்சி அனுப்புனீக?"

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் லீவு குடுத்தா, தீபாவளிக்கு எவன் வெடி செய்வான்? லோடு நிக்குது, போ போ."

நான் அவர் பக்கத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேன் டிரைவர் சங்கையா பதறிப்போய் வந்தார். "பொன்மணி வீட்டுக்காரர் செத்துட்டாராம். அந்தப் பிள்ள வேன் நிக்கிற எடத்துல வந்து சொல்லிட்டுப் போச்சு."

வேனில் வந்த பொம்பளைகள் பதினாறு பேரும் தாயில்பட்டிதான். காலையில் டீக்கடை முன்னால் பாண்டி பல் துலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. செல்லத்தாய் முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் வாய்தா, எனக்குப் புரிந்துவிட்டது. கட்டத்தில் 'கணவர் இறப்பு, மூன்று நாள்' என்று எழுதி நீட்டினேன். மேனேஜர் உச்சுக்கொட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவர் உச்சுக்கொட்டியதோடு விடவில்லை. வீட்டில் நெருங்கிய சாவு என்றால் கம்பெனி சார்பில் ரோஜா மாலை போகும். பழைய முதலாளி காலத்து வழக்கம். அவசரத்தில் பொன்மணியும் அதை மறந்திருந்தாள், நானும் மறந்திருந்தேன். பத்து மணிக்கு ஆளுயர மாலையோடு தாயில்பட்டியில் போய் இறங்கியிருக்கிறார் ஊர்க்காவலன். வாசலில் உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஆளிடமே கேட்டிருக்கிறார்:

"பாண்டி வீடு எது? எப்ப எடுக்காக?"

"நான்தாம்லே பாண்டி!"

புதன்கிழமை காலை பாண்டி அந்த மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் வந்து குதித்தான். "எம் பொண்டாட்டி என்னய உசுரோட சாகடிச்சுட்டா! கேட்க நாதியில்லையா?" மேனேஜர் அவனுக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், தோளைத் தட்டி அனுப்பி வைத்தார். ஆவணியிலிருந்து அந்த அறைக்கு நடையாய் நடந்த பொன்மணிக்கு ஒரு நாள் அந்த நாற்காலி கிடைத்ததா? கேட்டால் எனக்குத்தான் கோபம் அதிகம் என்பார்கள்.

மூன்று நாள் காத்திருக்காமல் அன்றைக்கே பொன்மணி வேலைக்கு வந்தாள். பாண்டி வராததால், அவன் அடிக்கக் கூடாதென்று கோர்ட்டில் தற்காலிக உத்தரவு கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். பாண்டி மேசைமேல் கழற்றிப் போட்டுவிட்டுப் போன மாலையைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள்.

"பொய் சொல்லி லீவு எடுக்க வெக்கமா இல்ல?" என்றார் அவர்.

"உள்ளதச் சொன்னேன், போன்னீக. செத்துட்டாருன்னேன், மாலை அனுப்புனீக. நான் செத்திருந்தா எனக்கும் அனுப்பியிருப்பீகள்ல?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சொர்ணலட்சுமி, இவ பேரை எடுத்துரு."

பேனாவை எடுத்தேன். எழுதாமல் அதைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டை முன்பக்கமாகப் புரட்டினேன்.

"தை மாசம், ஊர்க்காவலன், மாமனார் சாவு, மூணு நாள். பங்குனி மாசம், ஊர்க்காவலன், மாமனார் சாவு, மூணு நாள். அதே மாமனார்தான் அண்ணாச்சி. சித்திரையில அவரு பேத்தி காதுகுத்துல பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு, நீங்கதான் பக்கத்து எலை. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சோம். பொய்க்குப் பேரை எடுக்கணும்னா வரிசைப்படி எடுப்போம்."

கதவோரம் நின்ற ஊர்க்காவலன் மெதுவாக வெளியே நழுவினார். மேனேஜர் முகம் கறுத்தது. "போங்க, போய் வேலையப் பாருங்க. நேத்து ஆப்சென்ட்டு" என்று மாலையைத் தூக்கி மூலையில் எறிந்தார். பொன்மணிக்கு வேலை தங்கியது. அடுத்த வாய்தா தேதியை அங்கேயே நின்று சொன்னாள். கட்டத்தில் 'கணவர் அடித்த வழக்கு, சாத்தூர் கோர்ட்' என்று எழுதி நீட்டினேன்.

"காய்ச்சல்னு எழுதிரு" என்றார் மேனேஜர் குரலைத் தாழ்த்தி.

"இல்லாத காய்ச்சல எப்படி எழுதுறது அண்ணாச்சி?"

கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன்னால் செல்லத்தாய் என் மேசைக்கு வந்தாள். "மதினி, வைகாசில எனக்குக் காய்ச்சல்னு எழுதுனீகள்ல? அது காய்ச்சல் இல்ல." அவளுக்குப் பின்னால் அழகுமீனா நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். சங்கையா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் நகரவில்லை.

எல்லாரும் போன பிறகு பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் காய்ச்சல், வயிற்றுவலி, வழுக்கி விழுந்தது. எல்லாம் என் முத்து முத்தான கையெழுத்து. மாசி மாதப் பக்கத்தில் ஒரு வரி: 'சொர்ணலட்சுமி, காய்ச்சல், இரண்டு நாள்.'

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. என் வீட்டுக்காரர் அறைந்ததில் ஒரு பக்கக் காது கேட்காமல் போயிருந்தது. அந்தக் காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. சிவப்புப் பேனாவால் 'காய்ச்சல்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே உள்ளதை உள்ளபடி எழுதி, மேனேஜர் மேசையில் கையெழுத்துக்கு விரித்து வைத்துவிட்டு வந்தேன்.