அப்பா எழுதிய ஓ பாசிட்டிவ்

ரத்த வங்கியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் யார் என்ன எழுதியிருந்தாலும் நம்ப மாட்டாள்; தானே சோதித்துப் பார்த்தால்தான் நம்புவாள். அன்று அந்த வழக்கமே அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

மறுநாள் ஆபரேஷனுக்காக அப்பாவின் ரத்தம் சோதனைக்கு வந்திருந்தது. சீட்டில் அவர் கையெழுத்திலேயே ‘ஓ பாசிட்டிவ்’. அவளும் ஓதான். “எங்கப்பா ரத்தம்டி எனக்கு” என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் அவள் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. ஓ ரத்தம் என்றால் சோதனை மருந்து இரண்டோடும் கலந்த பிறகும் திரளாமல் இருக்க வேண்டும். இதுவோ இரண்டிலும் கட்டி கட்டியாய்த் திரண்டது. ஏபி.

மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். அதே ஏபி. ஏபி அப்பா பிள்ளைக்கு ஏ கொடுப்பார், இல்லையா பி கொடுப்பார். கொடுக்க அவரிடம் ஓ ஏது? லட்சத்தில் ஒருவருக்கு விதிவிலக்கு உண்டுதான். அது தனக்கில்லை என்று படிக்கும்போதே சோதித்துப் பார்த்திருந்தாள்.

நேரே வார்டுக்குப் போனாள்.

“ஏம்ப்பா ஓன்னு எழுதினீங்க?”

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நீ இந்தப் படிப்புல சேர்ந்ததும் வீட்ல எல்லாரோட குரூப்பும் கேட்ட. பயந்துபோய் ஒரு டாக்டர்கிட்ட விசாரிச்சேன். ஏபிக்கு ஓ பிறக்காதுன்னார். அதான் உன்னோடதையே சொல்லிட்டேன்.”

“அப்ப நான் யாரு?”

“என் பொண்ணு. ஒரு மாசக் குழந்தையா தூக்கிட்டு வந்தோம்.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும். மருமகளுக்கும்.”

வந்து மூன்று வருஷமான மருமகளுக்குக்கூடத் தெரியும்! குடும்பமே கூடி அவள் ஒருத்தி காதில் பூ சுற்றியிருக்கிறது.

“இங்க சோதிப்போம்னு தெரியாதா?”

“இன்னைக்கு லீவுன்னு சொன்னியேம்மா...”

ஆமாம், லீவுதான். அப்பாவின் ரத்தத்தைத் தன் கையாலேயே சோதிக்க வேண்டுமென்றுதான் அதை ரத்து செய்துவிட்டு வந்திருந்தாள்.

அவர் கையை நீட்டினார். “நாளைக்கு ரத்தம் வேணும்னா, நீ...”

“என் ரத்தம் உங்களுக்குச் சேரும்ப்பா. உங்களோடதுதான் எனக்குச் சேராது.”

நீட்டிய கையைத் தொடாமல் கீழே இறங்கினாள். சீட்டில் இருந்த ஓவை அடித்துவிட்டு ஏபி என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.