ஐஸில் விழுந்தவள்

"இப்போ ஃபோனைத் தொடாதே" என்றார் டவ்வெ. அவருடைய மகள் வீட்ஸ்கெ அதற்குள் எண்களை அழுத்தத் தொடங்கியிருந்தாள்.

பக்கத்து அறையில் அவள் அண்ணன் ஹில்கெ செத்துக் கிடந்தான். ஐம்பத்தாறு வயது, கணையத்தில் புற்றுநோய். காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. இப்போது எட்டே முக்கால். மூளை ஆராய்ச்சிக்கு உதவ வேண்டுமென்றால் உடல் மதியத்துக்குள் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர வேண்டும். மூளையைத் தானம் செய்ய அவனே கையெழுத்துப் போட்டு, அந்த அட்டையைச் சமையலறைக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தான்.

"உயிரோட இருந்தப்ப மக்கு, மந்தம்னு பேர் வெச்சாங்க. செத்தும் அவனை அறுக்கணுமா?"

"அவன் ஆசைப்பா அது. நடுவுல நீங்களும் நானும் யாரு?"

ஆசை என்ன, பெருமை! ஹில்கெவுக்கு நாலரை வயது வரை பேச்சு வரவில்லை. காரணம் தெரிந்தது நாற்பத்தெட்டு வயதில்தான். பதினாறாவது குரோமோசோமில் ஒரு துண்டு எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும், அவனுக்கு ஒன்றுதான். அது குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூளை சற்றுப் பெரிதாக இருக்குமாம், கூடினவர்களுக்குச் சிறிதாக இருக்குமாம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று தங்கையைச் சீண்டித் தீர்த்துவிட்டான். "பாத்தியா, மக்குப் பயலுக்குத்தான் பெரிய மூளை! படத்தோட அத்தாட்சி இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு, காட்டு?"

அதுவரை அந்த வீட்டில் காரணம் அம்மாதான். ஆறு மாதக் கர்ப்பத்தில் யெல்த்யெ உறைந்த கால்வாயில் சறுக்கப் போய் விழுந்துவிட்டாள். "சொன்னேன், கேட்டியா?" என்று டவ்வெ நாற்பது வருஷத்துக்கு மேல் குத்திக்காட்டினார். அவள் அதற்குப் பிறகு சறுக்குக் காலணியைத் தொடவே இல்லை. ஊரே ஐஸில் திரியும் நாட்களில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். பரிசோதனை முடிவு வந்தபோது அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டவ்வெவும் ரத்தம் கொடுத்தார். "என்கிட்ட ஒண்ணும் இல்லையாம்" என்றார். பிறகென்ன, அந்தப் பழியும் அவள் தலையிலேயே விடிந்தது.

ஃபோனில் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் ஒருத்தி தன்மையாக ஆறுதல் சொன்னாள். வண்டி பத்தரைக்கு வரும் என்றாள். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்தக் குறை அவருக்கு யார் வழியா வந்துச்சுன்னு தெரியுமா?"

"எங்க அம்மா வழியா" என்றாள் வீட்ஸ்கெ.

"இல்ல."

டவ்வெ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் வழியா. ரத்தம் கொடுத்ததுக்கு எனக்குக் கடுதாசி வந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

"அப்பா!"

"உங்கம்மா முகத்தைப் பார்த்து நாற்பது வருஷம் சொன்னதை எப்படிம்மா நான் மாத்திச் சொல்வேன்?"

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அப்பா வழின்னு எழுதிக்குங்க."

ஃபோனை வைத்துவிட்டு வீட்ஸ்கெ பக்கத்து அறைக்குப் போனாள். அவள் அண்ணனின் முகத்தைத் துடைத்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

வண்டி வந்ததும் டவ்வெ யாரையும் கேட்காமல் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கோட்டு இல்லை. வீட்ஸ்கெ அதை எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"நீ வரலையா?"

"அம்மாகிட்டப் போகணும்."

அவர் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பாலத்தைத் தாண்டியது. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் மிதிக்கத் தொடங்கினாள்.