பதினான்கு எலிகளும் என் அக்காவும்

1

என் அக்கா ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள். இந்தக் கதைக்கு வேறு காரணம் இல்லை.

அவள் படித்த செய்திக்கு மறுப்புப் போடச் சொல்லி அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். இடமில்லையாம். ஞாயிறு மலரில் கதைக்கு இடம் இருக்கிறதாம். "'நான்'னு எழுதாதீங்க பெரியவரே, 'அவன்'னு எழுதுங்க" என்று சிரித்தார் ஆசிரியர். சிரித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இருந்தாலும் சரி, அவன்.

2

ஆய்வுக்கூட ஜன்னல் வழியே இளவெயில் வந்து— (வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாது.)

அவன் எலிக்கூண்டு கழுவுகிறவன். பதினான்கு எலிகளுக்கு மாதுளைத் தோல் சாறு ஊற்றியதும் அவன்தான். ஒன்பதுக்குக் கொதிப்பு இறங்கியது. நிருபர் வந்தார்; மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றார். "மனுஷங்களுக்கு ஆகுமான்னு தெரியாது" என்று ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது நிருபர் பேனாவை மூடியிருந்தார்.

மறுநாள் முதல் பக்கம்: 'மாத்திரையை மறக்கலாம், மாதுளை போதும்.' செய்தியில் எலியே இல்லை. படத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவளை அவன் எந்தக் கூண்டிலும் பார்த்ததில்லை.

(நிருபரை அயோக்கியனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒரு நாளைக்கு ஆறு செய்தி கொடுக்க வேண்டுமாம், பாவம்.)

3

அக்கா தோலை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குடிச்சது எலி."

"பேப்பர்ல அப்படிப் போடலியே."

"ஊத்தினதே நான்தான்."

"நீ கூண்டு கழுவுறவன்டா. எழுதினவரு படிச்சவரு."

"அவரு எலியக் கண்ணால பார்க்கல."

"நீ பார்த்தியே, எழுதினியா?"

அவன் வாயை மூடிக்கொண்டு... (அன்று நான் திட்டினேன். அதை அச்சில் போட மாட்டார்களாம்.)

4

முடிவு ஒன்று: அக்கா மயங்கி விழுகிறாள். எழுதினேன், உடனே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அக்கா இதைப் படித்துவிட்டு, "கதைதானே" என்று மடித்து வைத்துவிட்டுச் சாறு குடிக்கிறாள். இதுதான் நடக்கும்போல் இருக்கிறது.

மூன்றாவதற்கு இடம் விட்டிருக்கிறேன். மற்ற வாசகர்கள் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம். அக்கா, நான் முடித்தால் நீ நம்பமாட்டாய். இன்றைக்கு உள்ள மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீயே எழுது.