குற்றம் பார்க்க உரிமம்

2003ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் சோதிலிங்கம் குற்றவியலாளர் ஆனார். தபாலில் ஆனார். அனுபவம் உள்ளவர்களுக்குப் பரீட்சையின்றி உரிமம் தருவதாக ஏதோ ஒரு சங்கம் அறிவித்திருந்தது. அவருடைய அனுபவம், பேரங்காடி வாசலில் ஆறு வருடக் காவல். பிடித்தது, காற்சட்டைப் பைக்குள் சீஸ் வைத்திருந்த ஒரு கிழவரை. அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவத்தில் அதை "உணவுத்துறைக் குற்றங்கள்" என்று எழுதினார்.

உரிமம் பொன்னிற முத்திரையோடு வந்தது. சட்டம் போட்டு மாட்டினார். வாசற்கதவில் தமிழிலும் ஒரு பலகை: குற்றவியல் நிபுணர்.

"சோதினை எழுதாத சோதிலிங்கம்," என்றாள் மனைவி சாரங்கா. "வந்து சாப்பிடுங்கோ, நிபுணர்."

பலகையைப் பார்த்து வந்த முதல் ஆள் ஜெயமலர். பனிக்காலத்தில் புருசனைப் பறிகொடுத்தவள்.

"அண்ணை, வீட்டிலை ஒரு குற்றம் இருக்கு. வந்து பாத்துச் சொல்லுங்கோ."

கையுறை, பூதக்கண்ணாடி, அளவுநாடா சகிதம் போனார். பூட்டை ஆராய்ந்தார்.

"உடைக்கேல்லை. உள்ளுக்கை இருக்கிற ஆள்தான்."

"ஓம் அண்ணை. அவர்தான்."

அவள் சொன்னது களவுக் குற்றமல்ல, செத்தவரின் ஆவிக்குச் சாந்தி செய்து கழிக்கிற குற்றம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். மாலை ஐந்து மணி. குளியலறைச் சுவருக்குள், வீட்டைச் சூடாக்கும் ஹைட்சுங் குழாய் தட்டியது. டக். டக். டக்.

"அண்டைக்கும் இப்பிடித்தான். அவர் குளியலறையிலை விழுந்து கிடந்து குழாயிலை தட்டியிருக்கிறார். நான் ஹைட்சுங் எண்டு நினைச்சு ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைச்சன்." அவள் அவருடைய கையுறையையே பார்த்தாள். "சொல்லுங்கோ அண்ணை. என்னிலை குற்றமோ?"

"இல்லைப் பிள்ளை. உன்னிலை ஒரு குற்றமுமில்லை."

"சோதினை எழுதிப் பாஸ் பண்ணின ஆள்தானே நீங்கள்?"

அவர் கையுறையைக் கழற்றினார்.

"ஓம்," என்றார். "மூண்டு சோதினை."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் தட்டல் அன்றோடு நின்றது.

மறுநாள் ஐந்து மணிக்குச் சோதிலிங்கத்தின் வீட்டில், உரிமத்துக்குப் பின்னால் சுவர் தட்டியது. மூன்று முறை. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். அந்தச் சுவரில் குழாயே இல்லை.

ஒரு கிழமை பொறுத்தார். பிறகு சங்கத்துக்கு எழுதினார்: தயவுசெய்து எனக்கு மூன்று பரீட்சை வையுங்கள், எவ்வளவு கடினமானாலும் பரவாயில்லை. பதில் உடனே வந்தது. உரிமம் பெற்றவர்கள் பரீட்சைக்குத் தோற்றத் தகுதியற்றவர்கள். மேலான வாழ்த்துகள்.

வாசித்து முடிக்க ஐந்து மணி. டக். டக். டக்.

"ஹைட்சுங்தானப்பா," என்று குசினிக்குள்ளிருந்து சொல்லிவிட்டுச் சாரங்கா ரேடியோவைக் கூட்டினாள்.

யூலை மாதம். ஹைட்சுங்கை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது.