மாணவர் கருத்துப் படிவம்

வெண்ணிலாவின் கருத்துக்கு விலை இரண்டு ரூபாய். படிவத்தை ஜெராக்ஸ் எடுத்த செலவு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

கடலை மில் களத்தில் மல்லாட்டை சலித்துக்கொண்டிருந்த அம்சா, சல்லடையை நிறுத்தாமலே மகளைப் பார்த்தாள். இமையெல்லாம் செம்மண் தூசி.

"இன்னா படிக்கணும்னு உங்களையே கேக்கறானுங்களா? அதுக்குத் துட்டு வேறயா?"

"பதினொண்ணாவதுல கணக்குப்பதிவியல எடுத்துட்டு தையல் வெக்கறாங்களாம்மா. பத்தாவது புள்ளைங்க சொல்றதுதான் முடிவாம். பத்தாவது மொத்தத்துக்கும் நான்தான் பிரதிநிதி."

"அப்ப ஒழுங்கா எழுதிக் குடு. இங்க அது இல்லன்னா திண்டிவனத்துக்கு உங்கப்பன் அனுப்பமாட்டான். என்கூட சல்லடதான் புடிக்கணும்." சுருக்குப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து மகள் கையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை வெண்ணிலாவும் அவள் தோழி நாசியாவும் வகுப்புத் தரையில் உட்கார்ந்து படிவங்களைப் பிரித்து அடுக்கினார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு. கணக்குப்பதிவியலுக்குத் தொண்ணூற்றேழு, தையலுக்கு இருபத்தொன்று. நாசியா தன் தலை ரிப்பனை அவிழ்த்துப் படிவக் கட்டைக் கட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் பாண்டுரங்கன் அறையில் கூட்டம். நிர்வாகக் குழுவினர் ஐந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டுரங்கன் நீள நோட்டை வெண்ணிலா பக்கம் தள்ளினார். கீழே ஐந்து கையெழுத்து. மேல்பாதி வெள்ளை.

"மேல ஒண்ணும் எழுதலயே சார்?"

"பேசனப்புறம்தான எழுதுவாங்க? இது நீ வந்ததுக்கு. டீ ஆறுது, ஜல்தியா போடு."

போட்டாள். ரிப்பனை அவிழ்ப்பதற்குள் அவர் நோட்டை இழுத்து எழுதத் தொடங்கியிருந்தார்.

"சார், தொண்ணூத்தேழு பேரு கணக்குப்பதிவியல் கேட்டிருக்காங்க."

"கேப்பீங்க. நாளைக்கு சினிமாவ பாடமா வைன்னு கேப்பீங்க. தையல் மெஷின் பன்னெண்டு வந்து எறங்கி ஒரு வாரம் ஆவுது. அத நான் தலையிலயா வெச்சிக்கறது?"

"அப்புறம் எதுக்கு சார் எங்கள கேட்டீங்க?"

"கேக்கச் சொல்லி ஆர்டர். கேட்டாச்சு."

"நான் ஒத்துக்கல சார்."

"இது யாரு கையெழுத்து? உங்க ஆயா வந்து போட்டாங்களா?" குழுவில் ஒருவர் பிஸ்கெட்டோடு சிரித்தார். "கட்ட வெச்சிட்டுக் கெளம்பு."

அன்று மாலை அம்சா முழுவதையும் கேட்டாள்.

"வெறுந்தாள்லயா கையெழுத்துப் போட்ட? கூலி எழுதாத நோட்டுல வாராவாரம் நான் கைநாட்டு வெக்கறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உனக்கு இன்னாடி கேடு? பத்து வருஷம் படிச்சிக் கிழிச்சியே!" கொடியில் கிடந்த பழைய துண்டை உருவி மகள் மடியில் எறிந்தாள். "பரீட்ச முடிஞ்சதும் மூஞ்சில கட்டிக்கினு களத்துக்கு வா. தூசி மூக்குல ஏறும்."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். கருத்துக் கேட்கப்பட்ட மாணவர்கள் 118. தையலுக்கு ஆதரவு 118. எதிர்ப்பு 0. கீழே மாணவர் பிரதிநிதி என்று வெண்ணிலாவின் பெயர்.

அடுத்த வாரம் கணிதத் திருப்புதல் தேர்வு. வினாத்தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்தது. வெண்ணிலா திருப்பிப் பார்த்தாள். அவர்கள் கொடுத்த கருத்துப் படிவம். கணக்குப்பதிவியலுக்கு எதிரே நாசியா அழுத்திப் போட்டிருந்த டிக், தாளைக் கிழித்திருந்தது.

கரும்பலகையின் மூலையில் சாக்பீசால் எழுதியிருந்தது: வினாத்தாள் பணம் தலைக்கு ரூ. 2. கொடுத்தவர் 117. பாக்கி 1, வெண்ணிலா.